அப்பா வாங்காமல் விட்ட துப்பாக்கி

தம்பி,

குளுவாங்கிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்று மத்தியானம் கைக்கு வந்தது. உன்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார், அவரிடம் உள்ள பழைய காற்றுத் துப்பாக்கியை உனக்கே தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா வேண்டாமா என்று புரியவில்லை என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பேன், அவருக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அடுப்பில் பருப்பு தீய்ந்த வாடை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் தெரிந்ததெல்லாம் என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், தம்பி. கட்டையைத் தோளில் எந்த இடத்தில் வைப்பது என்றுகூட நான்தான் காட்டிக்கொடுத்தேன். நீ கேட்க வேண்டிய ஆள் நான். அது உனக்குத் தெரிய வழியில்லை. இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

என்னைப் பெற்றவர் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் சுடும் கடை போட்டவர். கறுப்புத் துணி கட்டிய பலகையில் பலூன்களைக் குத்தி வைத்திருப்பார். சுட்டு உடைத்தவருக்கு ஒரு சீப்போ சோப்புக்கட்டியோ பரிசு. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது என்பதால் துப்பாக்கிகளை மடக்கி ஈயக்குண்டு போட்டுக் கொடுப்பது என் வேலை. குடித்துவிட்டு வருகிறவன் சுடுவான், கூட வந்த பெண்ணிடம் வீரம் காட்ட வருகிறவன் சுடுவான். எல்லார் கையிலும் அடிபட்டு அந்தத் துப்பாக்கிகளுக்கு என்னென்ன நோவு வருமோ அத்தனையும் வரும். மறுநாள் காலையில் அவற்றைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு வைப்போம். உன் அப்பாவுக்கு என்னைப் பேசி முடித்தபோது உன் பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வேடிக்கைக் கடைக்காரர் வீட்டுப் பெண் என்று வெளியில் தெரிய வேண்டாம், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். அப்புறம் சப்பான்காரன் வந்தான். துப்பாக்கிகளை எல்லாம் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொன்னான். கடை போயிற்று, அந்தக் கஷ்டத்திலேயே என் அப்பாவும் போய்விட்டார். அதன் பிறகு அதைப் பேச எனக்கும் மனமில்லை.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியும். ஆபீஸ், வீடு, கோயில், திரும்பவும் ஆபீஸ். என்னிடம் கோபித்துப் பேசியதில்லை. கொஞ்சிப் பேசியதும் இல்லை. சாப்பாடு போட்டால், "போதும்," வெளியே கிளம்பினால், "வர்றேன்." இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு நடந்த நாட்கள் குறைவு. எனக்கு அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே இருந்தது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த சமயத்தில் நீ சிரம்பானில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் இப்போது நான் சொல்லப்போவது எதுவும் உனக்குத் தெரியாது. இங்கே வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி, அலமாரி, பியானோ, நாய்க்குட்டி என்று எல்லாமே விலைக்கு வந்தன. அடுத்த தெருவில், கம்போங் செட்டியில் இருந்தாரே நாயக்கர், அவர் ஏலக் கடையில் வேலை பார்த்தார். எந்தப் பங்களாவில் என்ன விற்கிறார்கள் என்பது முதலில் அவர் காதுக்குத்தான் வரும். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. சாமி பெயர்களையும் அக்கா, தம்பியையும் தவிர மற்றதெல்லாம் மலாய்தான். அவரும் உன் அப்பாவும் சாயங்காலங்களில் நம் வீட்டு வாசலில் நின்று மலாயில் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பேசும்போதுதான் உன் அப்பா ஒரு ஆசையை வெளியே விட்டார். நம் ரம்புத்தான் மரத்தில் அணில்கள் ஒரு பழம் விடாமல் கொறித்துக்கொண்டிருந்தன. ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தால் தேவலை என்றார். அணில் ஒரு சாக்குத்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சின்னப் பிள்ளைக்குப் பட்டத்தின் மேல் இருக்கிற ஆசை மாதிரி அது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் முடியாத நேரம் என்பதால் காற்றுத் துப்பாக்கிக்கும் போலீசில் அனுமதி வாங்க வேண்டும். அவர் அதற்கும் நடையாய் நடந்தார். நீயும் அதை முதலில் விசாரித்துக்கொள். விற்கிறவரின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, அதை உன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பார்களா என்று தெரியாமல் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவராதே.

முதல் துப்பாக்கியைப் பார்க்க அவர் கிளெபாங்கில் கடற்கரைப் பங்களா ஒன்றுக்குப் போன அன்றைக்கு நானும் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து தஞ்சோங் கிளிங்கில் அவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போவதாக ஏற்பாடு. பங்களாவில் வெள்ளைக்கார அம்மா துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பளபளவென்று மெருகு போட்டிருந்தார்கள். உன் அப்பா அதைத் தூக்கிப் பார்த்ததுமே முகம் மலர்ந்துபோனார். வாங்குகிறேன் என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். எனக்கு மேசையின் மறுபக்கத்திலிருந்தே திருகாணிகள் கண்ணில் பட்டன. தலையெல்லாம் சிதைந்து, பொருத்தமில்லாத திருப்புளி போட்டு யாரோ குடைந்திருந்தார்கள்.

"ஏங்க, இது வேணாங்க," என்றேன்.

"ஏன்?"

"வேல தெரியாத யாரோ உள்ள தொறந்திருக்காங்க. இங்க கொண்டாங்க."

எனக்கே எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. வாங்கி, குழலை மடக்கி, வலது கையால் குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டையை முழங்காலில் லேசாகத் தட்டினேன். விசையைத் தொடவே இல்லை. உள்ளே பிடி நழுவி, குழல் என் கையை உதறிக்கொண்டு மேலே எழும்பப் பார்த்தது. நான் பிடித்திருந்ததால் நின்றது. அப்படிப் பிடிக்காமல் குண்டு போட விரலை அங்கே வைத்திருந்தால் விரல் போயிருக்கும். அந்த அம்மாவுக்கே முகம் வெளுத்துவிட்டது. மலாயில் மன்னிப்புக் கேட்டாள், தன் மகன் அதைக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தானாம்.

வெளியே வந்து சைக்கிளில் ஏறினோம். அவர் வேகமாக மிதித்தார். வேற்று ஆள் முன்னால் முந்திக்கொண்டு பேசிவிட்டோமே, திட்டப்போகிறார் என்று நான் சுருங்கி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு தென்னை மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். இறங்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"எல்லாமே ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

"கை மறக்கல போல," என்றேன்.

"ஒங்கப்பா கடையில நான் ஒரு தடவ சுட்டிருக்கேன், தெரியுமா? கல்யாணத்துக்கு முன்ன. ஒண்ணுகூட ஒடையல. நீதான் குண்டு போட்டுக் குடுத்த. என்னையப் பாக்கவே இல்ல."

அது எனக்குத் தெரியாது, தம்பி. அவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்கச் சொல்லியிருக்கிறார் என்பதும், பெரியப்பாவின் நிபந்தனைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குக் காரணம், பேசினால் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்ற பயம் என்பதும் அன்றைக்கு அந்தத் தென்னை மரத்தடியில்தான் எனக்குத் தெரிந்தது. குழந்தை பார்க்கப் போக நேரமாகிவிட்டது. அங்கே என்ன சாப்பிட்டோம், யாரிடம் என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. நாயக்கர் வாசலில் வந்து, "அடா சாத்து லாகி!" என்பார், இன்னொன்று இருக்கிறது என்று. நான் விறுவிறுவென்று சமையலை முடித்துவிட்டுச் சேலை மாற்றிக்கொள்வேன். புக்கிட் பெரிங்கிட் மேட்டில் அரசாங்க வீடுகள், பண்டார் ஹிலிரில் ஒரு போர்த்துக்கீசியப் பெரியவர் வீடு, ஹீரன் தெருவில் ஒரு சீனர் வீடு என்று போய்க்கொண்டே இருந்தோம். பார்த்த துப்பாக்கிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு. சொல்கிறேன் கேட்டுக்கொள், உனக்கு உதவும். ஒன்று, குழலை மடக்கி, அதன் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து உள்ளே பார்த்தால் துரு படை படையாக இருந்தது. வெளியே துடைத்தவர்கள் உள்ளே ஒரு துணியை விட்டு இழுத்ததில்லை. இன்னொன்றில் குழலைப் பக்கவாட்டில் ஆட்டினால் பல் ஆடுவது போல ஆடியது. அது எத்தனை நன்றாகச் சுட்டாலும் ஒரே இடத்தில் இரண்டு முறை சுடாது. மடக்கும்போது உள்ளே நறநறவென்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. சுடும்போது புகையும் கருகல் வாடையும் வந்தால், உள்ளேயிருக்கும் தோல் வாஷர் செத்துப்போனதை மறைக்க எண்ணெயைக் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குழல் வந்து சேரும் இடத்தின் மேல் மெல்லிய சிகரெட் தாள் ஒன்றை வைத்துவிட்டுச் சுட்டுப் பார். தாள் பறந்தால் காற்று அங்கே ஓடிப்போகிறது. கட்டையில் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார், ஒட்டுப்போட்ட கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தெரியும். கடைசியாக, மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்து ஓர் அட்டையைச் சுடு. ஒரு குண்டு நடுவில் விழுந்தால் ஏமாந்துவிடாதே, நாலைந்து குண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். குண்டு போடாமல் வெறுமனே சுட்டுக் காட்டுகிற ஆளிடம் எதையும் வாங்காதே. அவர் அதை எப்படி வைத்திருந்தார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது உன் அப்பா என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே மிதிப்பார். துப்பாக்கியில் தொடங்கும் பேச்சு வேறு எங்கெங்கோ போகும். ஆபீசில் புதிதாக வந்த மேலாளரைப் பற்றி, சின்ன வயதில் அவர் கப்பலில் வேலைக்கு ஓடிப்போகப் பார்த்ததைப் பற்றி, நீ பிறந்த அன்று பயத்தில் ஆஸ்பத்திரிக்குள் வராமல் வாசலிலேயே நின்றதைப் பற்றி. நானும் சொன்னேன். கடை விளக்கின் வாடை, பலூன் வெடிக்கும்போது கைதட்டுகிற கூட்டம், எல்லாம். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசுவது எளிதாக இருந்தது. முகத்தைப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்குமே வாய் வந்திருக்காது. நாயக்கர் வாசலில் நின்று, "பினி லு பஞாக் பண்டாய்!" என்று உன் அப்பாவைக் கிண்டல் செய்வார். உன் பெண்டாட்டி பெரிய கெட்டிக்காரி என்று. உன் அப்பா வெட்கப்படாமல் தலையாட்டுவார்.

அப்படியிருக்கும்போதுதான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை ஊருக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. தூரம் அதிகம். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நின்று போனோம். அந்தத் துப்பாக்கியை இன்றைக்கு நினைத்தாலும் என் கை குறுகுறுக்கிறது. திருகாணிகள் மேல் ஒரு கீறல் இல்லை. மடக்கினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கியது. குழலின் உட்புறம் கண்ணாடி மாதிரி இருந்தது. ரப்பர் மரத்தில் அட்டையைக் குத்தி வைத்து நான் சுட்டேன். அத்தனை குண்டுகளும் ஒரு காசுக்குள் அடங்கின. திரும்பி, "வாங்குங்க. இதவிட நல்லது கெடைக்காது," என்றேன்.

உன் அப்பா அதைக் கையில் வாங்கினார். ஒருமுறை மடக்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைத் துரையிடமே நீட்டி, "வேணாம் சார். விசை கனமா இருக்கு," என்றார்.

துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்திலேயே காலம் கழித்தவர்.

"அம்மா நல்லா இருக்கு சொல்லுது," என்றார் துரை. "அம்மாதான் பாத்துச்சி. நீ ஏன் வேணாம் சொல்றான்?"

"இல்ல சார். கனமா இருக்கு."

அந்த விசை கனமில்லை, தம்பி. ஒரு பூவைக் கிள்ளுகிற கனம்கூட இல்லை. துரை என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் என்னைப் பார்த்தார். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. இத்தனை நாள் தலையாட்டியது எல்லாம் பொழுதுபோக்குத்தான், காரியம் என்று வந்தால் பெண்பிள்ளை பேச்சுக்கு மதிப்பில்லை என்று தோன்றியது. உன் பெரியப்பா சொன்ன மாதிரி நான் வேடிக்கைக் கடைக்காரர் மகள்தான், அவ்வளவுதான் என்று தோன்றியது. வரும் வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டு மூன்று முறை ஏதோ ஆரம்பித்தார். 

வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டேன். "விசை கனமா இருந்துச்சா?"

"விடு. அடுத்தது பாக்கலாம்."

"இனிமே நீங்களே பாத்துக்குங்க."

"ஏன் கோவிச்சிக்கிற? நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லல. அதான்," என்றுவிட்டு உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிறு நாயக்கர் வந்து போன பிறகு உன் அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். "ஜாசினில ஒண்ணு இருக்காம். வர்றியா?" எனக்கு வேலை இருப்பதாகச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அப்போதும் ஏதோ சொன்னேன், தலைவலி என்றோ என்னவோ. ஒருமுறை அவர் மட்டும் போய்விட்டு வந்தார். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வெகு நேரம் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதோடு நின்றுபோயிற்று. நாயக்கரும் துப்பாக்கிச் செய்தி கொண்டுவருவதை விட்டுவிட்டார். வெள்ளைக்காரர்கள் போய் முடிந்தார்கள். நீ படித்து முடித்து வந்தாய், வேலைக்குப் போனாய். வீட்டில் மறுபடியும், "போதும்," "வர்றேன்." நீ பார்த்த அப்பாவும் அம்மாவும் அவர்கள்தான். இடையில் சில மாதம் வேறு இரண்டு பேர் இந்த வீட்டில் இருந்தார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்.

போன ஆண்டு அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது நீ லீவு போட்டு ஓடிவந்தாய். நீ திரும்பிப் போன சில நாளில் அவருக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சாயங்காலங்களில் பின்புறம் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். ரம்புத்தான் காய்த்துத் தொங்கிய நேரம். அணில்கள் எங்களைச் சட்டை செய்யாமல் அவர் கண் முன்னாலேயே கொறித்துக்கொண்டிருந்தன. சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"அன்னைக்கு அந்தப் புக்கிட் ரம்பாய்த் துப்பாக்கிய வாங்கியிருக்கலாம் நீங்க."

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. "வாங்கியிருந்தா," என்றார், நிறுத்தி, மூச்சு வாங்கி, "அதோட முடிஞ்சிருக்கும்ல."

"என்னா முடிஞ்சிருக்கும்?"

"நீ எங்கூட வர்றது."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். "சொல்லியிருக்கலாமே," என்றேன். "வாசல்ல நின்னு கேட்டேனே அன்னைக்கு. சொல்லியிருக்கலாமே."

"எப்டி சொல்றது," என்றார். "வெக்கமா இருந்துச்சி." பிறகு மரத்தைப் பார்த்துக்கொண்டு, "நீ வருவேன்னு நெனச்சேன், அடுத்த வாரம்," என்றார்.

நான் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன், தம்பி. அழவில்லை. அழுதால் அவருக்கு மனசு கஷ்டப்படும். இத்தனை ஆண்டுகள் நான் ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொண்டு அவரைத் தண்டித்திருக்கிறேன். அந்தச் சொல் என்னை இன்னும் கொஞ்ச நாள் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன பொய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் நான் கம்போங் செட்டிக்கு நடந்து போனேன். நாயக்கர் ஏலக் கடை வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். எங்கேயாவது பழைய காற்றுத் துப்பாக்கி விலைக்கு இருக்கிறதா, எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சில நாளில் ஆள் அனுப்பினார், தெங்கேராவில் மலாய் பேசும் சீனர், பாபா ஒருவர் வீட்டில் இருக்கிறதென்று. மூன்று சக்கரப் பெச்சா ஒன்றைப் பிடித்து, பெச்சாக்காரரும் நானுமாகத் தூக்கி உன் அப்பாவை உட்கார வைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டார்.

அந்தத் துப்பாக்கி எதற்கும் ஆகாதது. கிணற்றில் கிடந்து எடுத்தது போல இருந்தது. அந்த வீட்டுப் பாபாவே கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டுதான் நீட்டினார். நான் மடியில் வைத்துக்கொண்டேன். உன் அப்பா இடது கையை அதன்மேல் வைத்து, குழறிக் குழறி, "திருகாணி பாரு," என்றார். பார்த்தேன். "குழல ஆட்டு," என்றார். ஆட்டினேன். "வெள்ளத் தாளு," என்றார். பாபாவிடம் கேட்டு வாங்கிப் பிடித்துக் காட்டினேன், குனிந்து உள்ளே பார்த்தார். "சிகரெட்டு தாளு." அதையும் வாங்கினேன். நான் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் அந்த பாபா எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தார். நாங்கள் மத்தியானம் முழுவதும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு துருப்பிடித்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போகச் சொன்னேன்.

பண்டார் ஹிலிரில் இன்னொன்று இருப்பதாக நாயக்கர் சொல்லியிருந்தார். அதைப் பார்க்கப் போகிற நாள் வருவதற்குள் உன் அப்பா போய்விட்டார். நீ வந்து காரியங்களைச் செய்தாய். அப்போது இதையெல்லாம் உன்னிடம் சொல்ல நாக்கு வரை வந்தது. வீடு நிறைய ஆட்கள். அப்புறம் சொல்லலாம் என்று விட்டேன். அப்படி விட்டு விட்டுத்தான் எல்லாமே போயிற்று எனக்கு.

உன் கடிதத்தில் கடைசியாக ஒன்று எழுதியிருந்தாய். கல்யாணமாகி இத்தனை மாதமாகியும் செல்வி அதிகம் பேசுவதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள், நல்ல பெண்தான், குறையாகச் சொல்லவில்லை என்று. நான் ஒன்று சொல்கிறேன், செய். துப்பாக்கி பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துப் போ. அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் என்ன, நான் மேலே எழுதியதை வழியில் சொல்லிக்கொண்டே போ. அங்கே அவள் எதையாவது சொன்னால் மற்றவர்கள் முன்னால் தட்டிவிடாதே. உன் மனதில் வேறு ஏதாவது இருந்தால் திரும்பி வரும் வழியிலேயே சொல்லிவிடு, வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடு. அவள் கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்றால், வேலையைப் பார்க்கப் போய்விடாமல் நின்று, ஏன் என்று கேள். பதில் வரும்வரை நில். அன்றைக்கு அவர் அடுக்களை வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அவரும் நின்றிருப்பார்.

துப்பாக்கியை வாங்குவதும் விடுவதும் உங்கள் இரண்டு பேர் இஷ்டம். எனக்குப் பதில் எழுதும்போது அது எப்படி இருந்தது என்று எழுதாதே. போகும் வழியில் செல்வி என்ன பேசினாள் என்று எழுது.

அம்மா